லாக்ஸ்டன்: வேலி விழாத வயல்கள்

நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமை. குளிர் எலும்பைத் தொடும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற சிற்றூரில் ‘ஜூரி’ எனப்படும் பன்னிரண்டு பேர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு டிராக்டர் டிரெய்லரில் ஏறுகிறார்கள். கையில் ஒரு கட்டு முளைக்குச்சி, ஒரு சம்மட்டி. புதிதாகக் கோதுமை விதைத்த வயலுக்குப் போய் ஒவ்வொரு துண்டு நிலமாக நடந்து பார்க்கிறார்கள். யாராவது பக்கத்து ஆளின் துண்டுக்குள் ஒரு சால் தள்ளி உழுதிருக்கிறாரா? பொதுப் பாதையைக் கொத்தி வயலோடு சேர்த்துவிட்டாரா? புல்தரையின் ஓரத்தை அரித்திருக்கிறாரா? சந்தேகம் வந்த இடத்தில் நின்று, அளந்து, வாதாடி, சரியான எல்லையில் ஒரு முளையை அடிக்கிறார்கள். தப்பு செய்தவர் பெயர் குறித்துக்கொள்ளப்படும். சில சமயம் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரே அந்தத் தப்பைச் செய்தவராக இருப்பார்.

மதியம் ஊரின் மதுக்கடையான டவ்கோட் இன்னில் எல்லோருக்கும் சாப்பாடு.

ஒரு வாரம் கழித்து அதே கடையில் நீதிமன்றம் கூடும். நீதிமன்றம் என்று சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை. ‘கோர்ட் லீட்’ எனப்படும் இடைக்காலப் பண்ணை நீதிமன்றம் அது. ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுவதும் ஊருக்கு ஊர் இருந்தது. 1977-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, செத்தும் சாகாமலும் கிடந்த இந்தப் பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தை ஒட்டுமொத்தமாக நீக்கியது. சில இடங்களில் சடங்குக்காக மட்டும் கூடிக்கொள்ளலாம் என்று விட்டது. லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு. இங்கே இன்னும் நிஜமாகவே தீர்க்க வழக்கு இருந்தது, அதாவது வயல் எல்லை. அதனால் அபராதம் போடும் அதிகாரம் இன்றும் இந்த ஊருக்கு உண்டு.

ஊர் என்னவோ சின்னதுதான். ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே, களிமண் மேட்டில், ஒரு பிரதான தெருவும் அதிலிருந்து பிரியும் சில சந்துகளும். மக்கள் சில நூறு பேர். ஆனால் ஐரோப்பிய விவசாய வரலாறு படிக்கிறவர்கள் இந்த ஊரின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் தாண்ட முடியாது. இடைக்காலத்தின் ‘திறந்த வயல்’ முறை இங்கிலாந்தில் முழு அளவில், நீதிமன்றத்தோடு, இன்றும் நடப்பில் இருப்பது இங்கேதான்.

திறந்த வயல் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடுவது நல்லது. இது புரியாவிட்டால் ஊரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும்.

நாம் வயல் என்றால் ஒருவருக்குச் சொந்தமான, வரப்பு கட்டிய ஒரு பாத்தியை நினைப்போம். லாக்ஸ்டனில் வயல் என்பது ஊரே சேர்ந்து பயிரிடும் ஒரு பெரும் பரப்பு. அப்படி மூன்று உண்டு. தெற்கு வயல், மில் வயல், மேற்கு வயல். முன்பு கிழக்கு வயல் என்று சிறியதாக நான்காவது ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு வயலும் நீளநீளமான துண்டுகளாகப் பிரிந்திருக்கும். நடுவே வேலி கிடையாது, நம் ஊர் மாதிரி உயர்த்திய வரப்பும் கிடையாது. ஒரு துண்டு என்னுடையது, அடுத்தது உங்களுடையது, அதற்கடுத்தது இன்னொருவருடையது. என் துண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்காது. மூன்று வயல்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும்.

ஏன் இப்படிச் சிதறடித்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் நீண்ட தகராறு உண்டு. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் பங்காக வரட்டும் என்பது ஒரு விளக்கம். காட்டை வெட்டித் திருத்தத் திருத்த ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள் என்பது இன்னொன்று. பொருளாதாரக் கண்ணோடு பார்ப்பவர்கள், இது ஒருவகைக் காப்பீடு என்கிறார்கள். மழை மிஞ்சினால் பள்ளத்துத் துண்டு அழுகும், மேட்டுத் துண்டு தப்பும். மழை பொய்த்தால் நேர்மாறு. ஒரேயடியாகப் பட்டினி கிடக்க மாட்டோம். எனக்கு இந்த மூன்றாவது விளக்கம் மனதுக்கு ஒட்டுகிறது. ஆனால் மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கலாம்.

துண்டின் வடிவத்துக்குக் காரணம் காளைகள். கனத்த களிமண்ணில் கலப்பையை இழுக்க எட்டுக் காளைகள் வரை பூட்டுவார்கள். அந்த வரிசையைத் திருப்புவது பெரும்பாடு. ஆகவே அடிக்கடி திரும்ப வேண்டியில்லாத அளவுக்குத் துண்டு நீளமாக இருந்தால் நல்லது. காளைகள் மூச்சு வாங்காமல் ஒரு மூச்சில் உழக்கூடிய சாலின் நீளம்தான் ‘ஃபர்லாங்’. ‘ஃபர்ரோ லாங்’, சால் நீளம் என்பதே தேய்ந்து ஃபர்லாங் ஆயிற்று. 220 கஜம். ஒரு கலப்பைக் குழு ஒரு நாளில் உழக்கூடிய அளவு ஏறத்தாழ ஓர் ஏக்கர். நாம் பத்திரத்தில் எழுதும் ஏக்கரும், வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் தூரம் சொல்லத் தாத்தாக்கள் பயன்படுத்திய ஃபர்லாங்கும் இந்த மாதிரி களிமண் வயல்களில் காளை நடந்து பிறந்தவை.

திருப்பும் இடத்துக்கு வரும்போதே காளைகளை மெல்ல ஒருபக்கம் வளைத்துக்கொண்டு வருவார்கள். அதனால் பழைய துண்டுகள் நேர்கோடாக இல்லாமல் தலைகீழாக்கிய ஆங்கில எஸ் எழுத்து போல லேசாக நெளிந்திருக்கும். மண்ணை எப்போதும் நடுவை நோக்கியே புரட்டுவதால் நடு மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் ஆகும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் எத்தனையோ மேய்ச்சல் நிலங்களில் இன்றும் புல்லுக்கு அடியில் இந்த அலைஅலையான மேடுபள்ளம் தெரியும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் பச்சைக் கடல் உறைந்து நிற்பது போலிருக்கும். அந்த இடங்களில் உழவு நின்று பல நூற்றாண்டு ஆகிவிட்டது. லாக்ஸ்டனில் நிற்கவில்லை.

மூன்று வயலுக்கும் மூன்று வேலை. ஒன்றில் குளிர்காலக் கோதுமை. இரண்டாவதில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, பட்டாணி, பீன்ஸ் போன்றவை. மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு சுழற்சி ஒரு படி நகரும். தரிசாகக் கிடக்கும் வயலில் அந்தக் காலத்தில் ஊர் மாடு, ஆடு எல்லாம் மேயும், சாணம் போடும், மண் தேறும். அறுவடை முடிந்த தாளிலும் மேய்ச்சல் பொது. இங்கேதான் கூட்டு ஒழுக்கம் தேவைப்படுகிறது. பக்கத்துத் துண்டுக்காரர் பார்லி அறுத்துவிட்டார், நான் மட்டும் தாமதமாக விதைத்துத் தாமதமாக அறுப்பேன் என்றால், ஊர் மாடுகளை எப்போது அவிழ்த்துவிடுவது? யாரோ ஒருவர் தன் துண்டில் மட்டும் பிடித்ததைப் போட முடியாது. எப்போது விதைப்பது, எப்போது மாடு இறக்குவது, எப்போது ஏற்றுவது எல்லாவற்றுக்கும் ஊர்க் கட்டுப்பாடு வேண்டும். கட்டுப்பாடு இருந்தால் மீறுபவரும் இருப்பார். மீறுபவரைக் கேட்க ஆள் வேண்டும். நீதிமன்றம் அப்படி வந்ததுதான்.

வரப்பு வெட்டும் தகராறில் அரிவாள் தூக்கிய ஊர்க்கதைகள் நம்மிடம் ஏராளம். வரப்பே இல்லாத ஊரில் எல்லைத் தகராறு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், அந்தப் பன்னிரண்டு பேரும் சம்மட்டியும் ஏன் தேவை என்று உடனே விளங்கும்.

இங்கிலாந்தின் பெரும்பாலான நடுநாட்டு ஊர்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. பிறகு ‘என்க்ளோஷர்’, அதாவது அடைப்பு, வந்தது. சிதறிய துண்டுகளையும் பொது மேய்ச்சலையும் ஒன்றாகத் திரட்டி, மறுபடி பிரித்து, ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்து, சுற்றிலும் முள்வேலிச் செடி நட்டுவிடுவது. 1604-க்கும் 1914-க்கும் இடையே இதற்காக நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5,200-க்கும் மேல். அடைபட்ட நிலம் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். சட்டமே இல்லாமல் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்ட அடைப்புகள் இந்தக் கணக்கில் வராது. பெரிய நிலக்காரருக்கு லாபம், விளைச்சலும் கூடியது என்பார்கள். ஒரு பசுவும் நாலு வாத்தும் வைத்துப் பொது நிலத்தில் மேய்த்துப் பிழைத்த ஏழைக்குக் கிடைத்தது கூலிவேலைதான். ஆங்கிலேய நாட்டுப்புறம் என்றதும் நாட்காட்டிப் படத்தில் வரும் அந்தப் பச்சைக் கட்டங்களும் வேலிச்செடிகளும் தொன்றுதொட்டு இருந்தவை என்று நினைத்துக்கொள்கிறோம். அவற்றில் பல இந்த அடைப்பின் தழும்புகள்.

சரி, லாக்ஸ்டன் மட்டும் எப்படித் தப்பியது?

பாரம்பரியத்தின் மேல் பாசம் என்று சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் எழுதலாம். உண்மை அவ்வளவு அழகாக இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் இரண்டு பெரிய நிலக்காரர்கள். ஒருவர் தோர்ஸ்பி மாளிகையின் ஏர்ல் மேன்வர்ஸ், மற்றவர் ஏர்ல் ஆஃப் ஸ்கார்பரோ. ஏர்ல் என்பது பிரபுப் பட்டம். இவர்கள் போக, தலைமுறை தலைமுறையாகச் சொந்தத் துண்டு வைத்திருந்த சிறு விவசாயிகளும் இருந்தார்கள். அடைப்பு செய்ய வேண்டும் என்றால் முதலில் பெரியவர்கள் இருவரும் யாருக்கு எது என்று ஒத்துப்போக வேண்டும். அது கூடிவரவே இல்லை. நில அளவை, வக்கீல், வேலி என்று செலவு வேறு. 1870-களில் அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்க, இங்கிலாந்தின் விவசாயமே படுத்துவிட்டது. விலை போகாத நிலத்துக்கு வேலி போட யாரும் பணம் போடவில்லை. ஆக, கூட்டு வாழ்வின் கடைசிச் சின்னம் என்று போற்றப்படும் இந்த ஊர், இரண்டு பிரபுக்கள் கூட்டுச் சேராததால் பிழைத்தது.

பிழைத்தது மாறாமல் பிழைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் பண்ணை, துக்கடா துக்கடாவாகக் கிடந்த துண்டுகளை இணைத்துப் பெரிதாக்கியது. கிழக்கு வயல் போயிற்று, மேற்கு வயல் சுருங்கியது. இன்று மூன்று வயலும் சேர்ந்து ஐந்நூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. காளை போய்க் குதிரை, குதிரை போய் டிராக்டர். தரிசு என்ற பெயரில் இப்போது பெரும்பாலும் தீவனப் புல் வளர்கிறது. காலம் உறைந்த ஊர் என்று எழுதுபவர்கள் அங்கே நவம்பரில் போய் டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைப் பார்க்க வேண்டும்.

முன்பு எப்படி இருந்தது என்று துல்லியமாகத் தெரிவதற்கு ஒரு வரைபடம் காரணம். 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் லாக்ஸ்டனை அங்குலம் அங்குலமாக அளந்து தோல் தாள்களில் வரைந்தார். கூடவே ஒரு பதிவேடும் எழுதினார். யார் பெயரில் எந்தத் துண்டு, எத்தனை ஏக்கர், எந்த வயலில், பக்கத்துத் துண்டு யாருடையது எல்லாம் அதில் உண்டு. வயல்களில் அவர் கணக்கிட்ட துண்டுகள் இரண்டாயிரத்துக்கும் மேல். இன்று அந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை வேலையோடு நிற்காமல் பியர்ஸ் அதில் ஆட்களையும் வரைந்திருக்கிறார். ஏர் உழுபவர்கள், கதிர் அறுப்பவர்கள், நாய்களோடு மான் துரத்தும் வேட்டைக்காரர்கள். விரல் நகத்தளவு உருவங்கள். காற்றாலை நின்ற வயல்தான் மில் வயல்.

இந்த வரைபடத்துக்குக் காசு கொடுத்தவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கு இருப்புக்கொள்ளாது. சர் வில்லியம் கோர்ட்டீன், லண்டனின் பெருவணிகர், இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து வந்த ஃபிளெமிஷ் அகதிக் குடும்பத்துப் பிள்ளை. பட்டும் லினனும் விற்றுப் பணம் சேர்த்து, மன்னர்களுக்கே கடன் கொடுத்தவர். பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் குடியேறியது அவர் முதலீட்டில். 1620-களில் லாக்ஸ்டனை வாங்கினார். வாங்கிய சொத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு தேறும் என்று பார்க்கத்தான் அளவை. அதே 1635-இன் இறுதியில் மன்னர் முதலாம் சார்லஸ் அவருடைய குழுவுக்கு இன்னோர் அனுமதியும் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக ஆசியாவில் வணிகம் செய்யலாம் என்பது அது. கோர்ட்டீன் அடுத்த ஆண்டே இறந்துபோனார். ஆனால் ஜான் வெடல் தலைமையில் போன அவருடைய கப்பல்கள் கோவா, பட்கல் என்று நம் மேற்குக் கரையைத் தொட்டு, சீனத்தின் காண்டன் வரைக்கும் சென்றன. கன்னடக் கரையில் மிளகு வாங்கப் போன பணமும் லாக்ஸ்டனில் கோதுமைத் துண்டை அளந்த பணமும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. அந்தக் குடும்பம் பிறகு நொடித்துப்போனது. ஊர் பியர்பாண்ட் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வழி வந்தவர்களே மேற்சொன்ன ஏர்ல் மேன்வர்ஸ்கள்.

1952-இல் ஆறாவது ஏர்ல் மேன்வர்ஸ் ஊரை அரசின் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். அவருக்குப் பின் பட்டத்துக்கு ஆண் வாரிசு இல்லை. வெளியாளிடம் போனால் வயல்கள் மிஞ்சாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1981-இல் அமைச்சகம் அதை அரச நில அமைப்பான கிரவுன் எஸ்டேட்டுக்கு மாற்றியது. 2020-இல் அது தோர்ஸ்பி பண்ணைக்கே, பியர்பாண்ட் வழித்தோன்றல்களிடமே திரும்பியது. அறுபத்தெட்டு ஆண்டு கழித்துப் பழைய வீட்டுக்கே வந்த கதை. குத்தகைக்காரர்கள் இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்களோ, யார் உரிமையாளரானாலும் நவம்பர் மாதச் சுற்று நிற்கவில்லை.

ஊருக்குள் நடந்தால் கண்ணில் படுபவை என்னென்ன? முதலில் வீடுகள். செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, தெருவை ஒட்டியே பண்ணை வீடுகள். வைக்கோல் கொட்டகைகளின் முக்கோணச் சுவர் தெருவைப் பார்த்து நிற்கும். பின்னால் நீண்ட தோட்டம். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். இங்கிலாந்தின் பிற ஊர்களில் அடைப்புக்குப் பிறகு விவசாயி தன் நிலக்கட்டின் நடுவே வீடு கட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினார். இங்கே நிலம் மூன்று திசையிலும் சிதறிக் கிடந்ததால், எல்லா வயலுக்கும் போய்வர ஊர்நடுவே இருப்பதுதான் வசதி. ஆகவே விவசாயிகள் நம் ஊர்களைப் போலவே தெருவில் அக்கம்பக்கமாகக் குடியிருக்கிறார்கள்.

அப்புறம் கொண்டித்தொழுவம். அடங்காமல் திரிந்து பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் பட்டி. மாட்டுக்காரர் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். வேலியில்லாத ஊரில் இது இல்லாமல் எப்படி முடியும்?

ஊருக்கு வடக்கே மண்மேடாகக் கோட்டை. 12-ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் எழுப்பியது. கட்டடம் ஒன்றும் மிச்சமில்லை, புல் மூடிய குன்றும் அகழியின் பள்ளமும்தான். ஆனால் அதற்கு ஒரு காலத்தில் பெரிய செல்வாக்கு. நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர் இரண்டிலும் இருந்த அரசக் காடுகளின் பரம்பரைக் காவலதிகாரிகள் இங்கே இருந்தார்கள். முதலில் டி காக்ஸ் குடும்பம், பிறகு எவரிங்ஹாம் குடும்பம். ராபின் ஹூட் கதையில் எல்லாப் பழியும் நாட்டிங்ஹாம் ஷெரிஃப் தலையில் விழுகிறது. ஷெர்வுட்டில் மான் திருடியவனைப் பிடிப்பது யார் பொறுப்பு என்று பார்த்தால் லாக்ஸ்டன் கோட்டைக்காரர்தான் முதலில் வருவார். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எவரிங்ஹாம்கள் அந்தப் பதவியை இழந்தார்கள், கோட்டையின் மவுசும் போயிற்று.

அந்தக் குடும்பத்தார் தேவதூதர் மிக்கேலின் பெயரால் அமைந்த தேவாலயத்தில் கல்லாகப் படுத்திருக்கிறார்கள். கவசத்தோடு ஆடம் டி எவரிங்ஹாம், பக்கத்தில் மனைவியர். இரண்டாம் மனைவியின் உருவம் மட்டும் கல்லில் இல்லை, ஓக் மரத்தில் செதுக்கியது. நாட்டிங்ஹாம்ஷயரில் இடைக்காலத்து மரச்சிலை இது ஒன்றுதான். கல் தட்டுப்பாடா, செலவுச் சுருக்கமா, யாருக்குத் தெரியும். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுக்குப் பிறகு, கல் உருவங்களை விட்டுவிட்டு எல்லோரும் அந்த மரத்தம்மாளைத்தான் பார்க்கிறார்கள்.

ஊரை ஒட்டி, இவற்றோடெல்லாம் தொடர்பே இல்லாத இன்னோர் இடமும் உண்டு. நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்ததன் நினைவாக 1995-இல் ஒரு குடும்பம் இங்கே தொடங்கிய நினைவகம், இன்று தேசிய ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமாக இருக்கிறது. வயல் பார்க்க வருபவர்களைவிட அதைப் பார்க்கவென்று பஸ்ஸில் வரும் பள்ளிப்பிள்ளைகள் அதிகமாக இருக்கக்கூடும்.

கடைசியாக, கண்ணில் படாமலே நழுவக்கூடியவை ‘சைக்’குகள். வயல்களுக்கு இடையே ஈரம் அதிகமாகவோ சரிவு அதிகமாகவோ இருந்து உழ முடியாமல் விட்ட புல்தரைகள். கலப்பையோ ரசாயன உரமோ படாததால் வேறெங்கும் அழிந்துபோன காட்டுப்பூக்கள் இங்கே கோடையில் பூக்கின்றன. அதற்காகவே சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஆனால் இவை யாருடைய தோட்டமும் இல்லை, ஊர்ப் பொது. ஒவ்வொரு கோடையிலும் இந்தப் புல்லை அறுத்துக்கொள்ளும் உரிமை ஏலம் விடப்படுகிறது. நவம்பரில் ஜூரிகள் உற்றுப் பார்ப்பதும் பெரும்பாலும் இந்தப் புல்லின் ஓரத்தைத்தான். டிராக்டர் திரும்பும்போது அரை அடி உள்ளே போவது சுலபம். மூன்று ஆண்டுக்கு அரை அடி என்றால் ஒரு தலைமுறையில் சைக் ஐந்தடி சுருங்கிவிடும்.

அரை அடி தின்றவருக்கு விழும் அபராதம் சில பவுண்டுகள்தான். டீசல் செலவுக்குக் காணாது. ஆனால் அது டவ்கோட் இன்னில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, நீதிமன்றத்தை நடத்தும் வக்கீலான ஸ்டீவர்ட் முன்னால், பெயர் சொல்லி வாசிக்கப்படும். அங்கேயே அடுத்த ஆண்டுக்கான பன்னிரண்டு பேரும் சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொள்வார்கள். வர வேண்டியவர் வராமலிருந்தால் அதற்கும் தனி அபராதம், சில பென்னி. அடுத்த நவம்பரில் கோதுமை இன்னொரு வயலுக்கு நகர்ந்திருக்கும், சம்மட்டியும் அங்கே போகும்.